குமரி மாவட்டத்துக்கு மாற்றலாகி வருகிறவர்களுக்கு: எது மரியாதை, எது மரியாதைக்கேடு

வடசேரி பஸ் ஸ்டாண்டில் இறங்கிய முதல் நாளே யாராவது உங்களை "மக்ளே" என்று கூப்பிட்டிருப்பார்கள். ஆணாக இருந்தால் 'நான் எப்போது மகளானேன்?' என்று திகைத்திருப்பீர்கள். அது மகள் இல்லை, மக்கள். ஒற்றை ஆளைப் பன்மையில் கூப்பிடுகிறோம். அம்மா மகனையும் மகளையும் அப்படித்தான் கூப்பிடுவாள். பழக்கடை அக்கா உங்களையும் அப்படிக் கூப்பிட்டால் பாதி வேலை முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் தக்கலைக்காரன். வங்கி வேலையில் ஈரோடு, திருச்சி, சென்னை என்று சுற்றிவிட்டுக் கடைசி ஆறு வருடம் நாகர்கோவிலில் இருந்தேன். மேற்கேயும் வடக்கேயும் இருந்து மாற்றலாகி வந்த பிள்ளைகள் இரண்டாவது வாரமே என் மேசைக்கு வந்து ஒரே புகாரைத்தான் சொல்வார்கள்: "சார், இந்த ஊர்க்காரங்க ஏன் இப்படி வெடுக்குனு பேசறாங்க?" அதே வாரம் வாடிக்கையாளர் யாராவது அவர்களைப் பற்றி என்னிடம் சொல்லியிருப்பார்: "அந்தப் பயலுக்கு ஆளும் பேரும் தெரியல்ல." இரண்டு பேரும் தங்கள் ஊர்க் கணக்கில் மரியாதையாகத்தான் பேசியிருப்பார்கள். அந்தப் பிள்ளைகளுக்குச் சொன்னதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

முதல் படி: ஒரு வாரம் கோபப்படாதீர்கள்

காது பழகட்டும். இந்த மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் பக்கம் இருந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற நாலு தாலுகாவும் அன்றைக்குத்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. மேற்கே போகப்போகப் பேச்சில் மலையாளச் சாயல் கூடும், கிழக்கே ஆரல்வாய்மொழியை நெருங்கினால் திருநெல்வேலிச் சாயல். அதனால் உங்கள் ஊரில் ஒரு பொருளுள்ள சொல் இங்கே வேறு பொருளில் வரும். "வெள்ளம் வேணுமா?" என்றால் குடிக்கத் தண்ணீர். "இரியுங்க" என்றால் உட்காருங்கள். "விளிச்சேன்" என்றால் கூப்பிட்டேன். "பைய வாருங்க" என்பதில் பையன் யாரும் இல்லை, மெதுவாக வாருங்கள் என்று அக்கறையாகச் சொல்கிறார்கள்.

அதிகம் பேரைக் குழப்புவது "கேட்டியளா". ஒவ்வொரு வாக்கியத்தின் வாலிலும் வரும். "நேத்து மழைல ரோடு போச்சு, கேட்டியளா." உங்களை யாரும் விசாரிக்கவில்லை. ஈரோட்டுக்காரர் சொல்லும் "பாத்துக்குங்க" மாதிரி, பேச்சில் உங்களையும் கூடவே இழுத்துக்கொண்டு போவதற்கான சொல். ஆனால் "மனசிலாச்சா?" என்பதைக் கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள். வாத்தியார் பிள்ளையிடம் கேட்டால் பாசம். சமவயதுக்காரர் இழுத்துக் கேட்டால் உங்களுக்குப் புத்தி மட்டு என்று அர்த்தம்.

"எங்க போறிய?" என்று வழியில் கேட்பார்கள். வேவு பார்ப்பதற்காகக் கேட்பதில்லை, வணக்கம் சொல்வதற்குப் பதிலாகக் கேட்கிறார்கள். "இங்கதான், கடை வரைக்கும்" என்றால் போதும். உண்மையான விலாசம் யாருக்கும் வேண்டாம். வாயே திறக்காமல், காதில் செருகிய இயர்ஃபோனோடு கடந்து போனால்தான் குற்றம்.

இரண்டாம் படி: உறவு பிடித்துக் கூப்பிடுங்கள்

இந்தப் படியில்தான் கூடுதல் நேரம் செலவழிக்க வேண்டும். இங்கே மரியாதை 'தயவுசெய்து'வில் இல்லை, விளியில் இருக்கிறது. "எக்ஸ்கியூஸ் மீ, ஒரு சாயா கிடைக்குமா?" என்று கேட்பவரைவிட "அண்ணாச்சி, ஒரு சாயா" என்பவருக்குத்தான் முதலில் வரும்.

அண்ணாச்சி என்றால் சென்னையில் மளிகைக் கடைக்காரர், சில சமயம் அதில் ஒரு கேலியும் உண்டு. இங்கே அது உங்களைவிட மூத்த, கொஞ்சம் மதிப்புள்ள எந்த ஆணுக்கும் பொருந்தும். கடைக்காரராக இருக்க வேண்டியதில்லை. அதேபோல "மாமி". சென்னைக் காதுக்கு அது ஒரு குறிப்பிட்ட சாதிப் பெண்மணி. இங்கே எல்லாச் சமூகத்திலும் மாமாவின் மனைவி மாமிதான், அந்த வயதுப் பக்கத்து வீட்டு அம்மாவும் மாமிதான். அண்ணன் மனைவி "மைனி". கூட வேலை பார்ப்பவரின் வீட்டுக்குப் போய் அவர் மனைவியை "மேடம்" என்று கூப்பிட்டால் அவர் உங்களைச் சமையலறை வாசலில்கூட நிற்க விடமாட்டார், வரவேற்பறையிலேயே வைத்து அனுப்பிவிடுவார். "மைனி" என்றால் மீன்குழம்பு உறுதி.

வயதைக் கூட்டிக் கணக்குப் போடும் தவறு அடிக்கடி நடக்கிறது. தாத்தாவை இங்கே "பாட்டா" என்பார்கள். புதிதாக வந்த ஒரு பையன் அதை எங்கேயோ கற்றுக்கொண்டு, ஓய்வூதியம் வாங்க வந்த ஒரு பெரியவரை ஆசையாக "வாருங்க பாட்டா" என்றான். அவர் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். முகம் சுருங்கிவிட்டது. பள்ளிக்கூடத்து ஆள் சாகும்வரை "சார்"தான். இன்னொன்று, ஐம்பது வயதுப் பெண்ணை 'பாட்டி' என்று சொல்வதைவிட 'ஏய்' என்று சொல்வதே மேல் என்று என் வீட்டுக்காரி சொல்வாள். சந்தேகம் வந்தால் ஒரு தலைமுறை குறைத்தே கூப்பிடுங்கள். அம்மா என்று தோன்றினால் அக்கா.

மதகுருமாரைக் கூப்பிடுவதில் ஒரு சுவாரசியமான சிக்கல் இருக்கிறது. தென்னிந்தியத் திருச்சபைக் கோவிலின் போதகரை எங்கள் ஊரில் "ஐயர்" என்பார்கள், அவர் மனைவி "ஐயரம்மா". 'ஐயர் வீட்டு ஞாயிறு விருந்தில் கோழிக்கறி' என்று யாராவது சொன்னால் நீங்கள் கண்ணை விரிக்காதீர்கள். கடற்கரைக் கத்தோலிக்க ஊர்களில் பாதிரியாரை "சாமி" என்பார்கள். சாமித்தோப்பு அய்யா வைகுண்டரின் வழியைப் பின்பற்றுகிறவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தால் "அய்யா உண்டு" என்பார்கள். அவர்கள் சொன்னால் அதையே திருப்பிச் சொல்லுங்கள், மனம் குளிர்ந்துவிடும்.

மூன்றாம் படி: நீ, நீங்க, நடுவில் ஒரு நீரு

மற்ற ஊர்களில் பெரும்பாலும் இரண்டு தட்டுத்தான்: நீ, நீங்க. இங்கே வயதான ஆண்களிடம் மூன்றாவதாக ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறது: "நீரு". "வாரும் ஓய், இரியும், என்ன நேத்து காணல்ல?" என்பார் ஒருவர். இதில் நீ என்பதன் உரிமையும் இல்லை, நீங்க என்பதன் பணிவும் இல்லை. பழகிய, ஆனால் தோளில் கைபோட முடியாத சமவயது ஆண்களுக்குள் புழங்குவது. மேலதிகாரி தன்னைவிட வயது குறைந்த, ஆனால் மதிக்க வேண்டிய ஊழியரிடமும் இப்படிப் பேசுவார். நீங்கள் முப்பது வயதில் இருந்து, ஒரு பெரியவர் உங்களை "நீரு" என்றால் அது பதவி உயர்வு. ஆனால் திருப்பி அவரை "நீரு" என்று விடாதீர்கள். மேலிருந்து கீழேயோ பக்கவாட்டிலோதான் அது ஓடும், கீழிருந்து மேலே ஏறாது. பெண்களிடம் அநேகமாகப் புழங்குவதே இல்லை.

வேடிக்கை என்னவென்றால், அதே ஆள் ஞாயிற்றுக்கிழமை கோவிலில் முழங்கால் போட்டு "ஆண்டவரே, நீர் எங்களைக் காத்தருளும்" என்று கடவுளையும் நீர் என்றுதான் சொல்வார். வேதாகமத் தமிழில் அது உச்ச மரியாதை, சாயாக்கடைத் தமிழில் நடுத்தரம். ஒரே சொல்.

படர்க்கையிலும் கவனம் வேண்டும். இல்லாத ஆளைப் பற்றிப் பேசும்போதுதான் உங்கள் தரம் எடைபோடப்படும். "மேனேஜர் வந்தான்" என்று சிரித்துக்கொண்டே சொன்னால்கூட, கேட்டுக்கொண்டிருக்கும் அக்கா 'நாளைக்கு நம்மளையும் இப்படித்தானே' என்று நினைத்துக்கொள்வாள். "அவிய சொன்னாவ", "அவிய வந்தாவ" என்பது எங்கள் மரியாதை வடிவம். அதை நீங்கள் நகலெடுக்க வேண்டாம், போலியாகத் தெரியும். உங்கள் ஊர் "அவங்க" தாராளமாகப் போதும். வட்டார வழக்கை முதல் மாதமே பேசிக்காட்டுவது கேலி செய்வதாகத்தான் காதில் விழும்.

ஒருவரைப் பன்மையில் சொல்வது வழக்கில் உயர்த்திச் சொல்வதுதான், இலக்கணத்தில் சேராது என்று தொல்காப்பியர் ஒரு சூத்திரமே எழுதி வைத்திருக்கிறார். இலக்கணத்தைவிட மரியாதை பெரிது என்று அன்றைக்கே மக்கள் முடிவு செய்துவிட்டார்கள் என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

இதில் ஏன் இவ்வளவு எரிச்சல்?

இதைச் சொல்லாமல் அடுத்த படிக்குப் போக மனம் வரவில்லை. கொஞ்ச வருடத்துக்கு முன் என் அம்மாவை ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். கவுன்டரில் இருந்த பையன் சீட்டைப் பார்க்காமலே "நீ அங்க போய் இரி" என்றான். அம்மாவுக்கு எழுபத்து நாலு வயது. ஒன்றும் சொல்லவில்லை. பஸ்ஸில் வில்லுக்குறி தாண்டும்வரை பேச்சே இல்லை. பிறகு சொன்னாள்: "அவன் எனக்க பேரனுக்க வயசு." நோயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

திருவிதாங்கூர்க் காலத்தில் தாழ்த்தி வைக்கப்பட்ட சாதிக்காரர்கள் மேல்சாதிக்காரர் முன்னால் "நான்" என்று சொல்லக் கூடாது, "அடியேன்" என்றுதான் சொல்ல வேண்டும். தன் சோற்றைச் சோறு என்றோ, தன் வீட்டை வீடு என்றோ சொல்லக் கூடாது, இழிவான வேறு சொல்லால்தான் குறிப்பிட வேண்டும். 19-ஆம் நூற்றாண்டு மிஷனரிகள் இதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். பணிவு என்பது அன்றைக்கு விருப்பம் இல்லை, தப்பினால் அடி. மேலாடை அணியும் உரிமைக்கே பல பத்தாண்டு போராட வேண்டியிருந்தது. 1859-இல்தான் நாடார் பெண்கள் மேலாடை அணியத் தடையில்லை என்று அரசு அறிவித்தது, அதிலும் மேல்சாதிப் பெண்களைப் போல அணியக் கூடாது என்ற நிபந்தனையோடு. தலைப்பாகை கட்டுவது மறுக்கப்பட்டிருந்த காலத்தில் அய்யா வைகுண்டர் சாமித்தோப்பில் ஆண்களைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு வழிபடச் சொன்னார், இன்றும் அங்கே அப்படித்தான். அந்த நினைவு ஒரு மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் ஆளின் "நீ"யில் கிளறப்படும். அரசு வேலைக்கோ வங்கிக்கோ காவல் நிலையத்துக்கோ வந்திருக்கிறீர்கள் என்றால் வயது, சட்டை, செருப்பு எதையும் பார்க்காமல் எல்லாரையும் "நீங்க" என்று சொல்லுங்கள். இந்த ஒரு விஷயத்தில் விதிவிலக்கே கிடையாது.

நான்காம் படி: லே-யைத் தொடாதீர்கள்

"லேய்", "ஏட்டி", "மக்கா" எல்லாம் காதில் விழுந்துகொண்டே இருக்கும். நண்பர்கள் ஒருவரை ஒருவர் "எங்கலே போன?" என்பது சண்டை இல்லை. ஆனால் அதைச் சொல்லும் உரிமை ஒருவர் கொடுத்து மற்றவர் வாங்குவது. அவர் உங்களை லே என்று சொல்லி, நீங்கள் சிரித்து, அதன் பிறகும் ஒரு மாதம் கழித்துச் சொல்லிப் பாருங்கள். அதிலும் "மக்கா"வில் தொடங்குங்கள், அது மெத்தென்று விழும். பெண்களிடம் "ஏட்டி" என்பதை நெருங்கிய பெண்களே சொல்லிக்கொள்ளட்டும்.

நானும் அடிபட்டவன்தான். முதல் வேலை ஈரோட்டில். வீட்டு உரிமையாளரின் சின்ன மகனிடம் பாசமாக "லேய் மக்ளே, இங்க வா" என்றேன். அவன் ஓடிவந்தான், பின்னாலேயே அவன் அப்பாவும் வந்தார். "ஏனுங்க, எங்க பையன டே-னுகூடக் கூப்பிடறதில்லீங்க" என்றார். 'ங்க' இரண்டு இருந்தும் அந்த வாக்கியம் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. கொங்கு 'ங்க'வுக்குள் கோபமும் இருக்கும், நாஞ்சில் 'லே'வுக்குள் கொஞ்சலும் இருக்கும் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

ஐந்தாம் படி: கேட்பதும் மறுப்பதும்

கடையில் "குடுங்க" என்பதைவிட "தாருங்க" என்று கேளுங்கள். "ஒரு கிலோ ஏத்தம்பழம் தாருங்க." ஈ, தா, கொடு மூன்றையும் தொல்காப்பியம் தரம் பிரித்திருக்கிறது: தாழ்ந்தவன் உயர்ந்தவனிடம் கேட்டால் ஈ, ஒத்தவன் கேட்டால் தா, உயர்ந்தவன் கேட்டால் கொடு. மற்ற ஊர்களில் இந்த வேறுபாடு மங்கிவிட்டது. இங்கேயும் யாரும் சூத்திரம் பார்த்துப் பேசுவதில்லைதான், ஆனால் தா என்ற ஒப்போன் சொல் எங்கள் வாயில் தங்கிவிட்டது எனக்குப் பெருமை.

'நன்றி'யைக் குறையுங்கள். உப்பு எடுத்துக் கொடுத்த பக்கத்து வீட்டு மாமியிடம் "ரொம்ப நன்றிங்க" என்றால் கணக்குத் தீர்த்து அனுப்புவதுபோல இருக்கும். பதிலுக்கு மறுநாள் ஒரு கிண்ணத்தில் ஏதாவது கொண்டுபோங்கள். அவர்கள் வீட்டுப் பாத்திரம் உங்களிடம் வந்திருந்தால் வெறும் பாத்திரமாகத் திருப்பாதீர்கள்.

மறுப்பு வேறு மாதிரி. "முடியாது" என்பது இங்கே கதவைச் சாத்துவது. "பாப்போம்", "இரிக்கட்டு", "நாளைக்குச் சொல்லுதேன்" மூன்றுமே பெரும்பாலும் இல்லை என்ற பொருள்தான். நாளைக்குப் போய் நின்று "நேத்து சொன்னீங்களே" என்றால் அவரைப் பொய்யராக்கிவிடுவீர்கள். சாயா வேண்டுமா என்று கேட்டால் முதல் தடவை "வேண்டாம்" என்பது சம்பிரதாயம், இரண்டாவது தடவையும் கேட்பார்கள். மூன்றாவது தடவையும் மறுத்தால்தான் நிஜமான மறுப்பு, அதற்கும் "இப்பதான் குடிச்சேன்" என்ற காரணம் வேண்டும்.

பெனலோப் பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் மொழியில் மரியாதை எப்படி இயங்குகிறது என்று எழுதிய நூல் 1987-இல் வந்தது. உலகம் முழுக்க அதைப் படிக்கிறார்கள். அவர்கள் ஆராய்ந்த மூன்று மொழிகளில் ஒன்று தமிழ், அதுவும் கோயம்புத்தூர் மாவட்டக் கிராமத்துத் தமிழ். மனிதனுக்கு 'முகம்' ஒன்று உண்டு, பேச்சில் அதைக் காப்பாற்றுவதே மரியாதை என்பது சாரம். நமக்கு இது புதிதா? முகம் கோணாமல் நடந்துகொள், முகத்தில் அடித்தாற்போல் பேசாதே, முகதாட்சணியம் என்று எத்தனை சொல் இருக்கிறது. அனிச்சப்பூ மோந்தால்தான் வாடும், விருந்தாளி முகம் மாறிப் பார்த்தாலே வாடிவிடுவான் என்று சொன்ன ஆள்தான் கன்னியாகுமரியில் கடலுக்குள் பீடத்தோடு 133 அடி உயரத்துக்கு நிற்கிறார்.

ஆறாம் படி: வசவுகளைத் தரம் பிரியுங்கள்

"சவம்" என்ற சொல் அடிக்கடி விழும். பிணம் என்று பொருள். ஆனால் "சவத்தெளவு, மழை வந்திட்டு" என்றால் அலுப்பு. "போ சவமே" என்றால் செல்லக் கோபம். "கூறு இல்லியா?" என்றால் கண்டிப்பு, கூறு என்றால் அறிவு. "உனக்கென்ன பிராந்தா?" என்றால் பைத்தியமா என்று கேட்பது, நண்பர்களுக்குள் சகஜம். இவை எதற்கும் நீங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நீங்கள் சொல்லவும் வேண்டாம்.

நிஜமான கோபம் எப்படி வரும் தெரியுமா? பணிவாக வரும். நேற்றுவரை "மக்ளே" என்றவர் இன்று "சாரு சொன்னா சரிதான்" என்றால் எங்கேயோ தவறு செய்திருக்கிறீர்கள். "தம்புரான் எழும்பியாச்சா?" என்று கேட்டால் பழைய நிலக்கிழார்ப் பட்டத்தை உங்கள் தலையில் வைத்துக் கிழிக்கிறார்கள். இங்கே திட்டு கேட்டால் நான் பயப்படமாட்டேன், திடீரென்று மரியாதை கூடினால்தான் வயிற்றைக் கலக்கும்.

எந்த நெருக்கத்திலும் தொடக்கூடாதவை: சாதி, ஒருவரின் மதமாற்றக் கதை, வீட்டுப் பெண்கள். "நீங்க என்ன ஆளுங்க?" என்று யாராவது உங்களைக் கேட்டாலும் நீங்கள் யாரையும் கேட்காதீர்கள்.

ஏழாம் படி: வாய் பேசாத மரியாதை

சுருக்கமாக. கைலியை இங்கே சாரம் என்போம். மடித்துக் கட்டிக்கொண்டு நடக்கலாம், பெரியவர் எதிரே வந்தால் இறக்கிவிட வேண்டும். அவிழ்த்துக் கட்டக்கூட வேண்டாம், கை மடிப்பை நோக்கிப் போனாலே கணக்கில் சேரும். சுசீந்திரம் கோவிலுக்குள் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். கல்யாணத்துக்கு வாட்ஸாப்பில் அழைத்தால் அது தகவல், நேரில் வந்து விளித்தால்தான் அழைப்பு.

எட்டாம் படி: தவறிப்போனால்

"சாரி" சொல்லி முடித்துவிட முடியாது. அடுத்த நாள் அதே ஆளிடம் போய் வேறு ஏதாவது விசாரியுங்கள். "மகளுக்குப் பரீட்சை முடிஞ்சாச்சா அண்ணாச்சி?" அவர் பதில் சொன்னால் பழையது போய்விட்டது. ஒற்றைச் சொல்லில் முடித்தால் இன்னும் இரண்டு நாள் விடுங்கள். நடந்ததை விளக்கப் போகவே போகாதீர்கள். விளக்கினால் அவர் வருத்தப்பட்டார் என்பதை நாலு பேர் முன்னால் நிரூபித்ததாகிவிடும். என்னிடம் வந்த அந்தப் பாட்டா பையனுக்கும் இதையே சொன்னேன். அடுத்த மாதம் தலைமை ஆசிரியர் வந்தபோது அவன் எழுந்து நின்று "வாருங்க சார், இரியுங்க" என்றான், கூடவே ஒரு படிவத்தைக் காட்டி எழுத்துப்பிழை இருக்கிறதா என்று கேட்டான். அவர் மூன்று பிழை கண்டுபிடித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு நாலாவதையும் கண்டுபிடித்தார்.

கிளம்பும்போது

"போறேன்" என்று எழுந்து போகாதீர்கள். எங்கள் தெருவில் ஒரு மாமி, யாராவது அப்படிச் சொன்னால் திரும்பக் கூப்பிட்டு உட்கார வைத்து, அரை டம்ளர் வெள்ளமாவது குடிக்க வைத்து, மறுபடி சரியாகச் சொல்ல வைத்துத்தான் அனுப்புவார். "வரட்டா?" என்று கேளுங்கள். "போயிட்டு வாருங்க" என்று பதில் வரும்வரை வாசலைத் தாண்டாதீர்கள். வெளியே இறங்கிச் செருப்பு மாட்டும்போது இன்னொரு பத்து நிமிடம் பேச்சு ஓடும், அதற்கும் சேர்த்து நேரம் வைத்துக்கொண்டு போங்கள்.